நடுவும் ஓரமும்: துணி மவுஸ் பேடைச் சோதிக்கும் கலை

(குமுளியில் மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைச் சொன்னதும் பின்னால் சிலர் சிரித்தது கேட்டது. மேசைமேல் மவுஸுக்கு அடியில் விரிக்கிற ஒரு துணித் துண்டு, அதற்கு ஒரு கூட்டமா என்று தோன்றியிருக்கும். ஆனால் அதே துணிக்குக் கடையில் இருநூறு ரூபாயும் கேட்கிறார்கள், ஐயாயிரமும் கேட்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கடைக்காரரைக் கேட்டால், ‘இது ஸ்பீடு, இது கன்ட்ரோல்’ என்பார். எவ்வளவு ஸ்பீடு? எத்தனை நாளைக்கு அந்த ஸ்பீடு? அதற்குப் பதில் வராது. துணிச் சோதனைக் கூடத்தில் காலம் தள்ளியவன் என்பதால் அந்த இரண்டு கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு பேடை உரித்துப் பார்ப்போம். மேலே பாலியஸ்டர் துணி, பெரும்பாலும் பின்னல் துணி. கீழே மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் ரப்பர் நுரை. இரண்டுக்கும் நடுவே பசை. சுற்றிலும் ஓரத் தையல். அவ்வளவுதான். குமுளிக்காரர்களுக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு. இங்கிருந்து கோட்டயம் போகிற கே.கே. ரோட்டில் மேற்கே போனால் வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குட்டிக்கானம் வரைக்கும் தேயிலை. அங்கிருந்து கீழே முண்டக்கயம் இறங்கினால் ரப்பர் மரம் தொடங்கிவிடும். கோட்டயத்தில் ரப்பர் போர்டே இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாக வணிகத்துக்காக ரப்பர் நட்டது 1902-இல், இதே பெரியாற்றங்கரையில், தட்டேக்காட்டில். கிழக்கே மலை இறங்கினால் லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், தேனி. இன்னும் கொஞ்சம் போய் ஆண்டிபட்டிப் பக்கம் நின்றால் தறிச் சத்தம். ரப்பருக்கும் துணிக்கும் நடுவில் நாம் உட்கார்ந்திருக்கிறோம், அந்தப் பசை மாதிரி.

இந்தப் பேடு எதற்காக வந்தது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் மவுஸை உலகத்துக்குக் காட்டினார். பின்னால் வந்த மவுஸ்களின் வயிற்றில் ஒரு உருண்டை இருக்கும். மேசை வழுவழுப்பாக இருந்தால் அந்த உருண்டை உருளாமல் சறுக்கும், திரையில் அம்பு நின்றுபோகும். உருண்டைக்குப் பிடிப்பு வேண்டும் என்றுதான் பேடு விரித்தார்கள். 1999-இல் மைக்ரோசாஃப்ட் ஒளியால் பார்க்கும் மவுஸைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருண்டை போயிற்று. பேடும் போயிருக்க வேண்டும், போகவில்லை. கேம் ஆடுகிற பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். உராய்வைக் கூட்ட வந்த பொருளிடம் இப்போது உராய்வு எவ்வளவு குறைவு என்று கேட்கிறோம்.

சரி, உராய்வை எப்படி அளப்பது? சோதனைக் கூடத்தில் ஒரு முறை இருக்கிறது. பிளாஸ்டிக் தாளுக்காக வகுத்தது. 200 கிராம் எடையுள்ள சதுரக் கட்டையை நிமிடத்துக்கு 150 மில்லிமீட்டர் வேகத்தில் இழுத்து, இழுக்கும் விசையை அளப்பார்கள். விசையை எடையால் வகுத்தால் உராய்வு எண். நல்ல முறைதான். ஆனால் நிமிடத்துக்கு 150 மில்லிமீட்டர் என்பது நத்தை வேகம். கேமில் எதிரி பின்னால் வந்துவிட்டால் பையன் கால் நொடியில் முப்பது சென்டிமீட்டர் வீசுகிறான். மவுஸின் அடியில் ஒட்டியிருக்கும் டெஃப்லான் பாதத்துக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாகப் போகும்போது அதன் உராய்வு குறைவு, வேகம் கூடக் கூட உராய்வும் கூடும். அதனால் நத்தை வேகத்தில் எடுத்த எண்ணை வைத்து வீச்சு வேகத்தைப் பேச முடியாது.

செலவில்லாத முறை சாய்பலகை. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பலகையைத் தூக்கிக்கொண்டே போனால் எந்தக் கோணத்தில் பொருள் நகர்கிறதோ, அந்தக் கோணத்தின் டேன் மதிப்புதான் உராய்வு எண். 14 டிகிரியில் நகர்ந்தால் 0.25. 17 டிகிரி என்றால் 0.31. கோணமானி வாங்க வேண்டாம், கையில் இருக்கிற போனே டிகிரி காட்டும்.

செய்கிற விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கோட்டை விடுவது இங்கேதான். ஒரு கண்ணாடி, அல்லது வளையாத பிளைவுட் பலகை எடுங்கள். பேடை அதன்மேல் விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். பேடு வழுக்கினால் நீங்கள் அளப்பது ரப்பரைத்தான், துணியை அல்ல. மவுஸை நேரடியாக வைக்காதீர்கள், ஒயர் இழுக்கும். தட்டையான ஒரு மரக்கட்டையின் அடியில் கடையில் விற்கிற டெஃப்லான் பாதங்களை ஒட்டிக்கொள்ளுங்கள். கட்டை உயரமாக இருக்கக் கூடாது. உயரமாக இருந்தால் சாய்க்கும்போது எடையெல்லாம் கீழ்ப்பக்கப் பாதத்துக்குப் போய், அது நுரைக்குள் புதையும். கட்டையை வைத்துப் பத்து நொடி காத்திருங்கள். ஒவ்வொரு தடவையும் அதே பத்து நொடிதான். பொருள் எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கிறதோ அவ்வளவுக்கு முதல் பிடிப்பு கூடும் என்று பிரெஞ்சுக்காரர் கூலோம் 1785-இலேயே எழுதிவைத்தார். பிறகு பலகையை மெதுவாகத் தூக்குங்கள். சட்டென்று கட்டை கிளம்பும் கோணம் ஒன்று. அடுத்து, விரலால் லேசாகத் தட்டிவிட்டால் நிற்காமலும் ஓட்டம் பிடிக்காமலும் ஒரே சீராக வழிந்துகொண்டு போகும் கோணம் ஒன்று. முதலாவது நிலை உராய்வு. இரண்டாவது இயக்க உராய்வு.

இந்த இரண்டு கோணத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். தலையை மட்டும் குறிவைத்துச் சுட வேண்டிய ஆட்டங்களில் கடைசி இரண்டு மில்லிமீட்டர் திருத்தம்தான் எல்லாம். கிளம்புவதற்கு அதிக விசையும் ஓடுவதற்குக் குறைந்த விசையும் கேட்கிற பேடில், மெல்லத் தள்ளினால் மவுஸ் நகராது. சற்று அதிகமாகத் தள்ளினால் தாவிவிடும். பையன் ‘இன்னைக்கு எய்ம் சரியில்ல’ என்று தன்னையே திட்டிக்கொள்வான். ஸ்பீடு பேடா கன்ட்ரோல் பேடா என்ற சண்டையைவிட இந்த இடைவெளி முக்கியம் என்பது என் கருத்து. பெட்டியில் யாரும் இதை அச்சிடுவதில்லை.

எடையையும் மாற்றிப் பாருங்கள். 100 கிராமில் ஒரு தடவை, 300 கிராமில் ஒரு தடவை. உலோகத்தில் எடை கூடினாலும் உராய்வு எண் பெரிதாக மாறாது. நூலிழையில் அப்படியில்லை, எடை கூடினால் எண் சற்றுக் குறையும். ஆனால் கீழே நுரை இருக்கிறதே? அழுத்தினால் பாதம் புதைந்து, அதன் விளிம்பு துணியை உழும், எண் கூடும். ஒன்று குறைக்கிறது, மற்றது கூட்டுகிறது. எது வெல்கிறது என்பதில்தான் ஒரு பேடின் குணம் இருக்கிறது. மவுஸை அழுத்திப் பிடிக்கிற கைக்கு மெத்தென்ற பேடு ஆகாது என்று ஆட்டக்காரர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

இன்னொன்று, திசை. பின்னல் துணிக்கு நீளவாட்டில் ஒரு ஓட்டம், குறுக்குவாட்டில் ஒரு ஓட்டம். பேடைச் சுழற்றி வைத்து மறுபடி அளங்கள்.

இனி குமுளிக்கு வருவோம். துணிச் சோதனைக் கூடத்தில் கருவிக்கு முந்திப் பார்ப்பது காற்றை. நம் நாட்டு வழக்கப்படி 27 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்றில் துணியை ஊறவைத்த பிறகுதான் கருவியில் ஏற்றுவார்கள். கோயம்புத்தூரில் சிட்ரா என்கிற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையம் 1956-இலிருந்து இருக்கிறது. இம்மாதிரிக் கூடங்களில் குளிர்சாதனம் வைத்திருப்பது ஆட்களுக்காக என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அது துணிக்காக.

ஜூன் மாதம் குமுளியில் 65 சதவீதத்தை எங்கே தேடுவது? தேக்கடிக் காட்டின் மேல் மஞ்சு இறங்கினால் துவைத்த சட்டை மூன்று நாளானாலும் காய்வதில்லை. அதே நாள் மலை இறங்கிக் கம்பத்தில் நின்றால் மழை மறைவில் வறண்ட காற்று வாரி அடிக்கிறது. ஒரே பேடு, ஒரே மவுஸ், ஒரே பையன். கம்பத்து மாமா வீட்டில் ஆடும்போது ஓடுகிறது, இங்கே வந்தால் இழுக்கிறது. பையன் சொல்வது பொய்யில்லை.

ஆனால் பாலியஸ்டர் தண்ணீர் குடிக்காத நார். 65 சதவீத ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் நீர் வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வைத்துக்கொள்ளாது. பிறகு ஏன் இழுக்கிறது?

இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, மவுஸ் மட்டுமா பேடில் உரசுகிறது? முழங்கைக்குக் கீழே பாதிக் கை அதன்மேல் கிடக்கிறது. மவுஸ் அறுபது கிராம், கையின் பாரம் அதைவிடப் பல மடங்கு. காய்ந்த தோலைவிட ஈரத் தோல் இரண்டு மடங்குக்கு மேலும் பிடிக்கும். ஆக, பேடு இழுக்கிறது என்று நினைப்பதில் பெரும்பங்கு கை இழுப்பது. ஆட்டக்காரர்கள் கையில் ஒரு துணி உறை மாட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டைலுக்கு என்று நினைத்த அப்பாக்கள் இனி திட்ட வேண்டாம்.

இரண்டாவது காரணம் உப்பு. நம் வீட்டுச் சமையலறையில் மழைக்காலத்தில் உப்பு ஜாடி என்ன ஆகிறது? கசிந்து தண்ணீர் விடுகிறது. சோடியம் குளோரைடு 75 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். 75-க்குக் கீழே கட்டியாகவே கிடக்கும். கையின் வியர்வை காய்ந்த இடத்தில் பேடின் இழைகளுக்கு நடுவே தங்குவது அதே உப்பு. கம்பத்துக் காற்றில் அது சும்மா கிடக்கிறது. குமுளி மழைக்காற்றில் விழித்துக்கொள்கிறது. இழை தண்ணீர் குடிக்காவிட்டாலும் இழைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உப்பு குடிக்கிறது. புதுப் பேடைவிட ஆறு மாதம் பழகிய பேடு மழைக்காலத்தில் அதிகமாக இழுப்பதும், அலசிக் காயவைத்தால் பாதி நோய் தீர்வதும் இதனால்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். சரிபார்ப்பது சுலபம். ஒரு பேடின் ஒரு மூலையை மட்டும் உப்புத் தண்ணீரால் நனைத்து உலர்த்தி, மழைநாளில் ஒரு தடவை, வெயில் நாளில் ஒரு தடவை சாய்பலகையில் வையுங்கள்.

அலசுவது பற்றி ஒரு வார்த்தை. பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு நுரை, கையால் வருடினால் போதும். பிழியக் கூடாது, பசை விட்டுவிடும். வெந்நீர் ஆகாது. வெயிலிலும் போடாதீர்கள், ரப்பருக்கு வெயில் எமன். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் சூடு இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். ஃபேன் காற்று போதும். மழைக்காலத்தில் முழுக்கக் காயாமல் சுருட்டி வைத்தால் அடியில் பூசணம் பூக்கும், அந்த வாடை எந்த சோப்புக்கும் போகாது.

இனி உழைப்பு. எத்தனை நாள் வரும்?

துணியின் தேய்மானத்தை அளக்கிற கருவியில் பேர்போனது மார்ட்டின்டேல். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கம்பளி ஆராய்ச்சிக் கூடத்தில் 1940-களின் தொடக்கத்தில் பிறந்தது. வட்டமாக வெட்டிய துணியைத் தலைகீழாக மாட்டி, மேலே எடை வைத்து, ஒரு கம்பளித் துணியின்மேல் தேய்ப்பார்கள். தேய்க்கிற பாதைதான் அழகு. நேர்கோட்டில் தொடங்கி, மெல்ல அகன்று நீள்வட்டமாகி, மறுபக்கம் சாய்ந்து மறுபடி நேர்கோடாகும். எல்லாத் திசையிலும் தேய்மானம் சமமாக விழ வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. சட்டைத் துணிக்கு 9 கிலோபாஸ்கல் அழுத்தம், சோபாத் துணிக்கு 12. பின்னல் துணியில் ஒரு நூல் அறுந்து ஓட்டை விழுந்தால் முடிந்தது கணக்கு. எத்தனை தேய்ப்பு என்று எழுதிவிடுவார்கள். ஐ.எஸ்.ஓ. 12947 என்று இதற்கு எண்ணும் போட்டாயிற்று.

இதை அப்படியே மவுஸ் பேடுக்கு வைப்பது எனக்கு உடன்பாடில்லை. மவுஸும் கையும் சேர்ந்து 150 கிராம் அழுத்துவதாகவும், பாதங்களின் பரப்பு ஐந்து சதுர சென்டிமீட்டர் என்றும் வைத்தால், அழுத்தம் 3 கிலோபாஸ்கல்தான். நாலு மடங்கு அழுத்தி நாலில் ஒரு பங்கு நேரத்தில் முடிவு பார்க்கலாம் என்றால், தேய்கிற விதமே மாறிவிடும். எதிரே இருப்பது கம்பளியும் அல்ல, டெஃப்லானும் மனிதத் தோலும். தேய்கிற பாதையும் எல்லாத் திசைக்கும் சமமாக இல்லை. திரையில் திரும்புவது இடம் வலம்தான் அதிகம், பேடும் குறுக்குவாட்டில்தான் அதிகம் தேய்கிறது.

தூரத்தைக் கணக்குப் போடலாம். சராசரி நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 360 மீட்டர். நாளுக்கு நாலு மணி நேரம் ஆடினால், நாலு மணி நேரமா என்று அம்மாக்கள் முறைக்காதீர்கள், கணக்குக்காகச் சொல்கிறேன், வருஷத்துக்கு 525 கிலோமீட்டர். குமுளியிலிருந்து சென்னை போகிற தூரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, அதுவும் ஒரு சின்னத் துணித் துண்டுக்குள்.

இவ்வளவு ஓடியும் பேடில் ஓட்டை விழுவதில்லை, அதைக் கவனியுங்கள். பாலியஸ்டர் அவ்வளவு லேசில் அறாது. ஓட்டை விழும்வரை காத்திருந்து எண்ணுகிற சோதனை, மவுஸ் பேடைப் பொறுத்தவரை பிணத்துக்கு நாடி பார்ப்பது. அதற்கு வெகுகாலம் முன்பே பேடு முடிந்துபோகிறது. நடுவில் இழைகளின் மேடு மழுங்கிப் பளபளப்பு ஏறுகிறது. தோலின் எண்ணெயும் உதிர்ந்த செதிலும் பின்னலின் குழிகளை அடைக்கின்றன. மூலைகளோ புதுசாகவே இருக்கின்றன. மவுஸ் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும்போது வழியில் உராய்வு மாறுகிறது. கை பழகிய கணக்கு நடுவுக்கு உரியது, ஓரத்தில் அது பொய்த்துப்போகிறது. ஆகவே நடுவுக்கும் ஓரத்துக்கும் விழுகிற வித்தியாசத்தைத்தான் உழைப்பின் அளவாக வைக்க வேண்டும் என்பேன். முழுப் பேடும் ஒரே சீராக வேகம் குறைந்தால் கை ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளும். பாதி குறைந்து பாதி குறையாவிட்டால் எந்தக் கையும் பழகாது.

இந்த எண்ணத்துக்குத் துணி அறிவியலில் முன்னோடி ஒருவர் இருக்கிறார். கியோட்டோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுவேவோ கவபாட்டா. துணியைத் தடவிப் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று சொல்கிறார்களே, அந்தக் கை உணர்வை எண்ணாக்க வேண்டும் என்று 1970-களில் ஒரு கருவி வரிசையே செய்தார். அதில் மேற்பரப்பைச் சோதிக்கும் கருவி மூன்று எண் தரும். சராசரி உராய்வு ஒன்று, மேடு பள்ளம் ஒன்று. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: சராசரியிலிருந்து உராய்வு எவ்வளவு விலகி விலகி ஆடுகிறது என்பது. சராசரி நன்றாக இருந்தும் ஆட்டம் அதிகமாக இருந்தால் துணி கரகரக்கும். மவுஸ் பேடுக்கும் அந்த மூன்றாவது எண்தான் உயிர்.

குமுளியில் இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. புற்றடியிலும் போடியிலும் ஏலக்காய் ஏலத்துக்கு வருகிற சாம்பிளை, இங்கே உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் எப்படிப் பார்க்கிறீர்கள்? காய் பெரிது என்று ஒரு காயைக் காட்டினால் ஒப்புக்கொள்வீர்களா? சல்லடையில் போட்டு எட்டு மில்லிமீட்டருக்கு மேல் எத்தனை, கீழே எத்தனை என்று பிரிப்பீர்கள். லிட்டர் எடை பார்ப்பீர்கள். ஒரே லாட்டில் பச்சையும் வெளுப்பும் கலந்திருந்தால் விலை இறங்கும். அந்தக் கண்ணோடு மவுஸ் பேடைப் பாருங்கள் என்கிறேன்.

ரப்பர் அடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுரையைக் கால் பங்கு அமுக்கிச் சூட்டில் வைத்துவிட்டு எடுத்தால் எவ்வளவு மீள்கிறது என்று ஒரு சோதனை. துணியை ரப்பரிலிருந்து உரிக்க எவ்வளவு விசை வேண்டும் என்று இன்னொன்று. 70 டிகிரி அடுப்பில் நாட்கணக்கில் வைத்து முதுமையை வரவழைப்பது மூன்றாவது. இதெல்லாம் கூடத்து வேலை. வீட்டில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். கை ஊன்றுகிற இடத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்தி வைத்து அதன் அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நுரை உட்கார்ந்துவிட்டது. ஓரத் தையல் துணிமட்டத்துக்கு மேலே தூக்கி நிற்கிறதா என்பதையும் அதே ஸ்கேல் சொல்லிவிடும். தூக்கிய தையல் மணிக்கட்டைச் சுரண்டும்.

பாதங்களை மறக்க வேண்டாம். பேடு தேயும்போது டெஃப்லானும் தேய்கிறது. பழைய பாதத்தோடு பழைய பேடைச் சோதித்துவிட்டு, பேடுதான் கெட்டுப்போயிற்று என்று குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. பேடைச் சோதிக்கப் புதுப் பாதம் ஒட்டிய கட்டை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை வேறெதற்கும் எடுக்காதீர்கள்.

எப்போது தூக்கிப்போடலாம் என்று ஒரு தம்பி முன்பே கேட்டார். என் பழக்கம் இது. வாங்கிய அன்றே நடுவிலும் நாலு மூலையிலும் கோணம் எழுதி வைத்துவிடுங்கள். மாதம் ஒரு தடவை அதே கட்டை, அதே எடை, அதே பத்து நொடி. நடுவுக்கும் மூலைக்கும் மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரு தடவை அலசிப் பாருங்கள். அலசிக் காய்ந்த பிறகும் மூன்று டிகிரி அப்படியே நின்றால் புதுசு வாங்கலாம், அப்பாவிடம் அந்தத் தாளைக் காட்டிக் கேட்கலாம். பேடைத் திருப்பித் திருப்பி வைத்து எல்லாப் பக்கமும் சமமாகத் தேயவிடுகிற சிக்கனக்காரர்களும் இருக்கிறார்கள். பெரிய பேடானால் அது நல்ல யோசனைதான், பின்னலின் திசை மாறாதபடி அரைச் சுற்றாகத் திருப்ப வேண்டும்.

ஒரு வேலையும் தருகிறேன். குமுளியில் பள்ளி முடித்துக் கம்பத்துக் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் இறங்கி ஏறுகிற பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். கூடத்தில் லட்சக்கணக்கில் செலவழித்து உண்டாக்குகிற இரண்டு காற்றும் உங்களுக்கு ஒரு மலைப்பாதையின் இரண்டு முனையில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே பேடு, ஒரே கட்டை. காலையில் இங்கே ஒரு அளவு. அங்கே போனதும் அளக்காதீர்கள், துணிக்குக் காற்று பழக வேண்டும். விரித்துப் போட்டுவிட்டு மதியம் அளங்கள். பக்கத்தில் ஈரப்பதமானி ஒன்று இருக்கட்டும், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வருகிறது. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை எடுத்தால் 75 சதவீதத்துக்கு மேலும் கீழும் போதுமான அளவுகள் சேரும். உப்பு பற்றி நான் சொன்னது நிற்குமா விழுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அட்டவணைத் தாள் வாசலில் வைத்திருக்கிறேன். ஐந்து கட்டம்தான்: தேதி, இடம், ஈரப்பதம், நடு, மூலை. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.